உள்ளங்கையில் நின்ற தீர்த்தம்

குழந்தை ஊஞ்சலிலிருந்து விழுந்தது ஒரு பெரிய சமாசாரமா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. கூடத்தில் ஊஞ்சல் பலகை தொங்கும் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தை அதிலிருந்து விழாமல் வளர்ந்திருக்கிறது? நாமே இரண்டு தடவை விழுந்திருக்கிறோம். இரண்டாவது தடவை விழுந்தபோது நமக்குப் பிராயம் ஐம்பத்து மூன்று. ஆகையால் அதை விஸ்தரிக்காமல் விடுகிறோம்.

2019-ம் வருஷம் மே மாதம், கோடை விடுமுறையின் நடுவில், கும்பகோணத்தில் நம் கிருகத்தில் இது நடந்தது. விழுந்தவள் நம் பேத்தி. வயது நான்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம் என்றாலும், வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்கூட இராது. கீழே ஜமக்காளம் வேறு விரித்திருந்தது. அரை மணி நேரத்தில் ஓய்ந்திருக்க வேண்டிய அழுகை, இரவு முழுவதும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. வலது முன்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் தொடவிடவில்லை. நம் சகதர்மிணி புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டாள். விடிந்து பார்த்தால் கை வீங்கியிருந்தது. வீக்கம் நேற்று வந்ததுபோலவும் இல்லை. "இந்த மேடு தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போதே இருந்தது, சதைப்பற்று என்று நினைத்தேன்" என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

உள்ளூர் டாக்டர் எக்ஸ்-ரே எடுத்தார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு நெடுநேரம் பேசாமல் பார்த்தார். டாக்டர்கள் பேசாமல் இருப்பதைப்போல் பயங்கரம் வேறில்லை. பிறகு நம்மையும் நம் புதல்வனையும் அருகில் அழைத்துக் காட்டினார்.

முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கத்து எலும்பு ரேடியஸ்; சுண்டுவிரல் பக்கத்தது அல்னா. பாப்பாவின் அல்னாவில், நடுப்பகுதியில், வண்டு துளைத்த மூங்கிலைப்போல் ஒரு பக்கத்துச் சுவரில் அறை அறையாகக் கறுப்புத் தெரிந்தது. அந்த இடத்தில் எலும்பு ஒரு புறமாகப் புடைத்திருந்தது. அதன் குறுக்கே மயிரிழைபோல் ஒரு கீறல். "விழுந்ததனால் எலும்பு கீறியது. ஆனால் ஏற்கெனவே அந்த இடம் பலவீனமாக இருந்ததனால்தான் இந்தச் சிறிய விழுதலில் கீறியது. உள்ளே ஏதோ வளர்ச்சி இருக்கிறது. கட்டுப் போட்டு அனுப்புகிறேன், சென்னைக்குப் போய்க் காட்டுங்கள்" என்றார்.

'வளர்ச்சி' என்று அவர் சொன்னார். வீடு வந்து சேர்வதற்குள் அது 'கட்டி' ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அடுத்த தெருவில் அதற்கு இன்னொரு பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை நாம் இங்கே எழுத விரும்பவில்லை. நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு ரண சிகிச்சையில் தேர்ந்த டாக்டர் ஒருவர், சிறு துவாரம் வழியாக அந்த இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாம்பலத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். புதல்வன் இரவில் கைத் தொலைபேசியை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனை விதமான எலும்பு நோய்கள் உண்டோ அத்தனையையும் வாசித்தான். மருமகள் தான் கர்ப்பமாயிருந்த மாதங்களில் என்னென்ன சாப்பிட்டோம், எதைச் சாப்பிடவில்லை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து அழுதாள். பாப்பாவோ மாவுக்கட்டின் மேல் சாயப் பென்சிலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய் அல்ல. 'ஆஸ்டியோ ஃபைப்ரஸ் டிஸ்பிளேஸியா' என்று ஒரு நீண்ட பெயர் எழுதியிருந்தது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நாம் யோசித்தோம். 'எலும்பாக வேண்டிய இடத்தில் நாராக நின்றுவிட்டது' என்று பாட்டிக்குச் சொன்னோம். "வாழைத் தண்டில் நார் இருக்குமே, அதுபோலவா?" என்றாள். அதுபோலவேதான் என்றோம். வாழைத்தண்டு பற்றிய இந்த விளக்கத்தை நாம் பிறகு பல பேருக்குச் சொல்லியிருக்கிறோம். வைத்திய சாஸ்திரிகள் மன்னிப்பார்களாக.

அபாயமான நோய் அல்ல என்று தெரிந்ததும் எல்லாருக்கும் ஓர் அவசரம் வந்துவிட்டது. இனி இதை எப்படியாவது தீர்த்துக் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம். சென்னை டாக்டர் ஒரு வழி சொன்னார்: அந்த இடத்தைத் திறந்து, நாரைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பிவிடலாம். மருமகள் உடனே சம்மதித்தாள். புதல்வனும் சம்மதித்தான். நாமும் சம்மதித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜூலை மாதத்தில் ஒரு தேதிகூட வைத்தாயிற்று. "கத்தி வேண்டாம்" என்று சொன்னது நம் சகதர்மிணி ஒருத்திதான். காரணம் கேட்டால், "குழந்தை" என்று ஒரு வார்த்தை. இது ஒரு காரணமா என்று நாம் கோபித்துக்கொண்டோம்.

இதற்கிடையில் ஊரில் வைத்திய யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. கால்சியம் குறைவு என்றார்கள்; கேழ்வரகு கொடு என்றார்கள். புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வாருங்கள் என்று மூன்று பேர் சொன்னார்கள். பிரண்டை எலும்புக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட, அந்த ஆனி மாதம் முழுவதும் நம் வீட்டில் தினந்தோறும் பிரண்டைத் துவையல். பாப்பாவுக்கு அது நாக்கில் அரித்ததால் தொடமாட்டேன் என்றாள். மீதியை யார் சாப்பிடுவது? அந்த ஒரு மாதத்தில் நம் குடும்பத்தில் நோயில்லாத எலும்புகளெல்லாம் நன்றாகப் பலப்பட்டிருக்க வேண்டும்.

தேதிக்குப் பத்து நாள் முன்பு, நம் பழைய சிநேகிதர் ஒருவரின் வற்புறுத்தலால், ஓய்வு பெற்ற எலும்பு டாக்டர் ஒருவரிடம் படங்களையும் சோதனை முடிவையும் எடுத்துக்கொண்டு போனோம். வயது எண்பதை நெருங்கியவர். படத்தைப் பார்க்கும் முன் குழந்தையைப் பார்த்தார். கட்டு அப்போதுதான் அவிழ்த்திருந்தது. "பாப்பா, தாத்தாவுக்குப் பிச்சை போடுவாயா?" என்று தம் கையை நீட்டிக் காட்டினார். அவள் கொடுப்பதுபோல் கையைக் கவிழ்த்தாள். "இப்பொழுது நீ வாங்கிக்கொள்" என்றார். அவள் கையை நிமிர்த்தினாள். கை முழுவதும் நிமிரவில்லை. சிறிது சாய்ந்தே நின்றது.

அதன் சூட்சுமத்தை அவர் விளக்கினார். நாம் கையைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் அற்புதம், அந்த இரண்டு எலும்புகளுக்கு இடையே நடக்கிறது. அல்னா ஏறக்குறைய நிலையாக நிற்க, ரேடியஸ் அதைச் சுற்றிப் புரளுகிறது. கை நிமிர்ந்திருக்கும்போது இரண்டும் தண்டவாளம்போல் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கவிழும்போது ரேடியஸ் மற்றதன் குறுக்கே சாய்ந்துவிடுகிறது. கோலம் போடுவதற்குக் கவிழ்க்க வேண்டும்; பிரசாதம் வாங்க நிமிர்த்த வேண்டும். நடுவில் நிற்கும் எலும்பு வளைந்துவிட்டால் இந்தப் புரளல் தடைப்படும். "இவளுடைய நோயில் நான் பயப்படுவது அந்த வளைவைப் பற்றித்தான். உயிரைப் பற்றி அல்ல" என்றார்.

பிறகு இன்னொரு கதையும் சொன்னார். இத்தாலி தேசத்தில் பொலோனா என்ற பட்டணத்தை ஒட்டி ஒரு குன்று இருக்கிறது. குன்றின் மேல் ஒரு பழைய கிறிஸ்தவ மடம். பிரான்செஸ்கோ ரிஸ்ஸோலி என்ற ரண வைத்தியர் தம் ஆஸ்தியை எழுதி வைத்துக் காலமானார்; அதைக்கொண்டு அந்த மடம் 1896-ம் வருஷத்தில் எலும்பு நோய்களுக்கான ஆஸ்பத்திரியாக மாறியது. அங்கே இருந்த மரியோ கம்பனாச்சி என்ற டாக்டர், 1976-ல் இந்த நோயைப் பிற நோய்களிலிருந்து பிரித்து இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கு முன் வேறு பெயர்களில் சிலர் இதைக் குறித்து எழுதியிருந்தபோதிலும், அது நடந்துகொள்ளும் விதத்தைத் தெளிவாகச் சொன்னவர் அவரே. 1981-ல் முப்பத்தைந்து பேருடைய விவரங்களைச் சேர்த்து மறுபடியும் எழுதினார். பெரும்பாலும் இது முழங்காலுக்குக் கீழே முன்புறம் இருக்கும் பெரிய எலும்பில்தான் வருகிறது. முன்கையில் வருவது மிக அபூர்வம். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே அதிகமாகப் பிடிக்கிறது. இதில் முக்கியமான சங்கதி என்னவென்றால், சிறு பிராயத்தில் சுரண்டி எடுத்தால் அநேகமாக மறுபடியும் வந்துவிடுகிறது. குழந்தை வளர வளர இதன் வேகம் தணிந்து, எலும்பு வளர்ச்சி முடியும் சமயத்தில் நின்றுவிடுகிறது. சிலருக்குத் தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு. சிலருக்கு வளைவு முற்றி, ரண சிகிச்சை அவசியமாகிவிடுவதும் உண்டு.

"அப்படியானால் இப்போது என்ன செய்வது?" என்று நாம் கேட்டோம்.

"இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்."

நமக்குத் திருப்தி ஏற்படவில்லை. பஸ் ஏறி, காத்திருந்து, கட்டணம் கொடுத்து, ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்புவதா? நம் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். சோதனை முடிவோடு வந்திருந்த சிறு படத்தைக் காட்டினார். பூதக்கண்ணாடியில் எடுத்த படம். "இந்தச் சிவப்பெல்லாம் நார். நடுநடுவே இந்தத் துணுக்குகள் எலும்பு. ஒவ்வொரு துணுக்கையும் சுற்றி வேலி கட்டினாற்போல் புள்ளி புள்ளியாக நிற்கின்றனவே, பார்த்தீர்களா? எலும்பைக் கட்டுகிற உயிரணுக்கள் அவை. இதைப் போன்ற வேறொரு நோயில் இந்த வேலி இராது. இங்கே கொத்தனார்கள் சாரத்தில்தான் நிற்கிறார்கள், ஐயா. வேலை மெதுவாக நடக்கிறது. நடக்கிற வேலையை நாம் போய்க் கலைக்க வேண்டாமே!"

மருமகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "நான் ஏதாவது சாப்பிட்டதனால் வந்ததா, டாக்டர்?" அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டார். "இல்லை, அம்மா. நீ சாப்பிட்டதனாலும் இல்லை, சாப்பிடாததனாலும் இல்லை. நீ தூக்கியதனாலும் இல்லை, தூக்காததனாலும் இல்லை." அவள் அன்றைக்குத்தான் பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

இதைப் படித்துவிட்டு, எலும்பில் எந்த வீக்கம் வந்தாலும் சும்மா இருந்துவிடலாம் என்று எந்த நேயராவது எண்ணுவாரேயானால், நாம் பெரும் பாவத்துக்கு ஆளாவோம். நமக்கு அந்த உபதேசம் கிடைத்தது, சோதனை செய்து, நோயின் பெயரைத் தீர்மானித்த பிறகு. பெயர் தெரியாமல் பொறுத்திருப்பதை அந்தப் பெரியவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். சென்னை டாக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாம் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, அவர் கோபிக்கவில்லை. "அதுவும் சரியான யோசனைதான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் படம் எடுக்க வேண்டும். வளைவு அதிகமானால் அப்போது நான் சொல்வதைக் கேட்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டுத் தேதியை ரத்து செய்தார். கைக்கு லேசான பிளாஸ்டிக்கில் ஒரு சிம்பு செய்து கொடுத்தார். பள்ளிக்கூடத்திலும் விளையாடும்போதும் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். மரம் ஏறக் கூடாது. ஊஞ்சல் கூடாது.

ஊஞ்சலை அன்றே கழற்றிப் பரணில் போட்டோம். நாலு தலைமுறையாகக் கூடத்தில் ஆடிய பலகை. கொக்கிகள் மட்டும் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பாப்பா தினமும் அவற்றை அண்ணாந்து பார்ப்பாள். கேட்கமாட்டாள். கேட்டிருந்தால்கூட நமக்குச் சங்கடம் குறைந்திருக்கும்.

ஆறு மாதம் என்பது டாக்டருக்கு ஒரு கணக்கு. வீட்டில் இருப்பவர்களுக்கு அது நூற்றெண்பது நாள். வளைகிறதா, வளையவில்லையா என்று தினமும் யார் சொல்வது? இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்தது நம் சகதர்மிணி. சாயங்காலம் விளக்கேற்றியதும் பாப்பாவைக் கூப்பிட்டு, வலது கையை நீட்டச் சொல்லி, உத்தரணியால் உள்ளங்கையில் தீர்த்தம் விடுவாள். கை நன்றாக நிமிர்ந்தால் தீர்த்தம் குழியில் நிற்கும். நிமிராவிட்டால் ஓரமாக வழிந்துவிடும். முதல் நாள் பாதிக்கு மேல் வழிந்தது. கட்டிலேயே கிடந்த கையல்லவா? ஒரு மாதத்தில் கொஞ்சம்தான் வழிந்தது. ஆவணி அவிட்டத்துக்கு ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. பாப்பாவுக்கு இது ஒரு விளையாட்டு. பாட்டிக்கு அது விளையாட்டல்ல என்பதை, விளக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் தீர்த்தம் விடும்போது அந்தக் கை நடுங்குவதைப் பார்த்த நாம் அறிவோம்.

'குழந்தை' என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கத்தியைத் தடுத்தவள்தானே இவள்? இனி ஏதாவது நேர்ந்தால் பழி முழுவதும் தன்னுடையது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அதை நாம் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. நாற்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் மனிதர்களுக்கு எவ்வளவு கண் அவிந்து போகிறது!

2019 டிசம்பரில் எடுத்த படத்தில் கீறல் சுத்தமாக ஆறியிருந்தது. நார் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த படம் 2020 ஜூனில் எடுக்க வேண்டும். மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசம் முழுவதும் கதவை அடைத்துக்கொண்டது நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். சென்னைக்குப் போவது எப்படி? கோவில்களும் மூடியிருந்தன. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் தீர்த்தம் வழிந்தது. கொஞ்சம்தான். மறுநாளும் வழிந்தது. மூன்றாம் நாள் சகதர்மிணி விளக்கேற்றவே இல்லை.

நாம் உள்ளூரில் படம் எடுத்து, அதைத் தொலைபேசி மூலம் சென்னை டாக்டருக்கு அனுப்பினோம். இரவு பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார். நார் சற்றே அகன்றிருக்கிறது என்றும், வளைவு ஓர் இழை கூடியிருக்கிறது என்றும் சொன்னார். "இப்போது அறுத்துவிடலாமா?" என்று இம்முறை நம் புதல்வன்தான் கேட்டான். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "வேண்டாம். இரவிலும் சிம்பைக் கட்டுங்கள். கையைப் புரட்டுகிற பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யுங்கள். மூன்று மாதம் பார்ப்போம்" என்றார். நாம் பிடிவாதமாகக் கத்தியை நம்பிய காலத்தில் வேண்டாம் என்ற பெரியவர்மீது நமக்குச் சிறிது சந்தேகம் இருந்தது. அந்தக் கத்தியைக் கையில் வைத்திருப்பவரே வேண்டாம் என்றபோதுதான் சந்தேகம் தீர்ந்தது.

அந்த மூன்று மாதமும் வீட்டில் ஒரே பிச்சைக்காரர் நாடகம். காலையில் நாம் பிச்சைக்காரர், பாப்பா தர்மப்பிரபு. மாலையில் அவள் பிச்சைக்காரி, நாம் பிரபு. கவிழ்த்து, நிமிர்த்தி, கவிழ்த்து, நிமிர்த்தி, ஒவ்வொரு வேளையும் ஐம்பது தடவை. ஒரு நாள், "தாத்தா, நீங்கள் ரொம்பக் கஞ்சப் பிரபு, பொட்டுக்கடலைகூடப் போடமாட்டேன் என்கிறீர்கள்" என்றாள். மறுநாளிலிருந்து பொட்டுக்கடலை போட்டோம். செப்டம்பரில் எடுத்த படத்தில் வளைவு மேலும் கூடவில்லை.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2021, 2022 இரண்டு வருஷமும் நார் இருந்த இடத்திலேயே இருந்தது. 2023-ல் அதன் ஓரங்களில் வெண்மை படரத் தொடங்கியது. எக்ஸ்-ரேயில் வெண்மை என்றால் எலும்பு. வண்டு துளைத்த அறைகள் ஒவ்வொன்றாக அடைபடுவதைப் படத்துக்குப் படம் பார்த்தோம். அந்தப் பெரியவர் இருந்திருந்தால் போய்க் காட்டியிருப்போம். அவர் 2022-ல் காலமாகிவிட்டார். கொத்தனார்கள் வேலையை முடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல ஆசையாக இருந்தது.

எக்ஸ்-ரே அறையில் காத்திருக்கும்போதெல்லாம் நமக்கு ரெண்ட்கன் என்ற ஜெர்மானியரின் ஞாபகம் வரும். 1895 டிசம்பரில் அவர் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும், எலும்பின் மேல் மிதப்பதுபோல் மோதிரமும் அதில் தெரிந்தன. அந்தக் கிரணத்தைக் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமைகூட அவர் கேட்கவில்லை. உலகத்துக்கே விட்டுவிட்டார். 1901-ல் பௌதிகத்துக்கு முதல் முதலாக நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. கும்பகோணத்து ஒரு குழந்தையின் கைக்குள் இருக்கும் நாரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாம் எட்டிப் பார்க்க முடிந்ததற்கு அந்த மனிதரின் பெருந்தன்மையும் ஒரு காரணமல்லவா?

நம் பீரோவில் இப்போது பதின்மூன்று படங்கள் இருக்கின்றன. பாப்பாவே அவற்றின்மேல் தேதி எழுதி வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். அவளுடைய முன்கை இடது கையைவிட ஒரு விரற்கடை குட்டை. கூர்ந்து பார்த்தால் சிறு வளைவும் தெரியும். "வளர்ச்சி முடியும் வரையில் வருஷத்துக்கு ஒருமுறை வாருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சிம்பை 2024-லேயே கழற்றியாயிற்று. 2025 மார்கழியில், பனியில் உட்கார்ந்து, வாசலை அடைத்து அவள் கோலம் போட்டாள். புள்ளி எத்தனை என்று நாம் எண்ணவில்லை. அவளுடைய கை கவிழ்ந்து கவிழ்ந்து நகர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு முன், அவ்வருஷம் மே மாதத்தில், டாக்டரிடம் அவளே ஒரு கேள்வி கேட்டாள். ஆறு வருஷமாக நம்மிடம் கேட்காத கேள்வி.

"ஆடலாம். நின்றுகொண்டு ஆடக் கூடாது" என்றார் டாக்டர்.

ஊர் திரும்பிய அன்று மாலையே பரணிலிருந்து பலகையை இறக்கினோம். சங்கிலியில் துரு ஏறியிருந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, கொக்கியில் மாட்டுவதற்குள் இருட்டிவிட்டது. பாப்பா பலகையருகே வந்து நின்றாள். நம் சகதர்மிணி அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு, "இரு, சங்கிலி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லித் தானே முதலில் உட்கார்ந்தாள். இரண்டு ஆட்டம் ஆடினாள். நமக்குத் தெரிந்து, பத்து ஆட்டத்துக்குக் குறைவில்லாமல் ஆடிய பிறகே இறங்கி இடம் கொடுத்தாள்.